பொதிகை அடிவாரமும் வினைமுற்றின் ஈறும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக மலையேறும் சாலை போனக்காட்டில் முடிந்துவிடுகிறது. வெள்ளையர் காலத்தில் உண்டாக்கப்பட்ட தேயிலைத் தோட்டம் ஒன்று அங்கே உளது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடச் சிகரத்திற்கு ஏறுவோர் அவ்விடத்திலிருந்தே காட்டுவழியில் கால்நடையாகப் புறப்படுகின்றனர். தமிழுக்கு முதன்முதல் இலக்கணம் வகுத்தவர் என மரபு போற்றும் முனிவரின் மலைவாயிலில், கொழுந்து கிள்ளும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன. அகத்தியர் செய்ததாகக் கூறப்படும் நூல் இன்று நம் கையில் இல்லை. உரையாசிரியர்கள் எடுத்தாண்ட சில சூத்திரங்களே எஞ்சின. ஆயினும் இலக்கணம் என்றவுடன் தமிழன் இம்மலையைத்தான் நினைக்கிறான்.

இம்மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் பிறக்கும் தாமிரபரணி, நெல்லைச் சீமையை வளப்படுத்திப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. ஊற்று அகத்தியருக்கு உரியது என்றால், முகத்துவாரம் மற்றோர் இலக்கண ஆசிரியருக்கு உரியது. அவர் போர்த்துகல் நாட்டில் 1520-ஆம் ஆண்டு பிறந்த என்றீக்கே என்றீக்கஸ் என்னும் இயேசு சபைத் துறவி. நம்மவர் அண்டிரிக் அடிகளார் என்பர். 1546-இல் இந்தியா வந்தார். மறு ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பெற்றார். அவருக்கு முன் 1542-இல் அக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஸ்பெயினை ஒட்டிய நவாரா நாட்டவர். மந்திரங்களைப் பிறரைக்கொண்டு தமிழாக்கி மனப்பாடம் செய்து சொல்லியவர். அடிகளாரோ மனப்பாடத்தோடு நிற்க விரும்பவில்லை.

மொழி வராது என்று அவர் முதலில் மனம் தளர்ந்ததும் உண்டு. பின்னர் ஒரு வழி கண்டார். இலத்தீன் பள்ளியில் வினைச்சொற்களை வாய்ப்பாடாக ஓதியது போலவே தமிழ் வினைகளையும் அடுக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். 1548-இல் ரோமாபுரிக்கு எழுதிய மடலில், இறந்தகாலம், எதிர்காலம், வினையெச்சம் போன்றவற்றைத் தேடிக் கண்டறிவதற்குத் தாம் பட்ட பாட்டைக் குறிப்பிடுகிறார். கேட்டவரிடம் ‘இச்சொல்லின் இறந்தகாலம் யாது?’ என்றால் யார் விடை சொல்வர்? மீன்பிடிக்கும் பரதவர் தம் மொழியைப் பேசினரேயன்றிப் பகுத்துப் பார்த்தவர் அல்லர். ஒவ்வொரு வடிவத்தையும் பேச்சினின்று பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. விரைவிலேயே துபாசியின் துணை பெரும்பாலும் தேவைப்படாத நிலையை அடைந்தார். அவ்வுழைப்பின் பயனே ‘மலபார் மொழியின் இலக்கணம்’ எனப் போர்த்துக்கேயத்தில் அவர் எழுதிய தமிழிலக்கணம். அக்காலத்து ஐரோப்பியர் தமிழை அவ்வாறே அழைத்தனர். இலத்தீன் அறியாதவர்கள் முதலில் ஜுவாவ் தெ பாரோஸ் 1540-இல் வெளியிட்ட போர்த்துக்கேய இலக்கணத்தைப் படித்துக்கொண்டு வரவேண்டும் என்று அதில் அறிவுரையும் கூறினார். தன் மொழியின் இலக்கணம் தெரியாதவனுக்குப் பிறமொழி இலக்கணம் எட்டாது என்பது அவர் கருத்து. நாமும் அதை ஒப்புகிறோம்.

அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய நாட்டில் இந்திய எழுத்தால் அச்சேறிய முதல் நூலாக அது கருதப்படுகிறது. கோவாவில் முதலில் தமிழ் அச்செழுத்து வார்த்தவராகச் சொல்லப்படும் கொன்சால்வசு ஸ்பானியர். இலக்கண ஏடு மட்டும் லிஸ்பன் நூலகத்தில் கையெழுத்துப் படியாகவே நெடுங்காலம் கிடந்தது. அறிஞர் தனிநாயகம் அடிகள் 1954-இல் அதனைப் பற்றி எழுதினார். 1982-இல் அது அச்சேறியது. ஜீன் ஹைன், வெ. சு. இராஜம் ஆகிய இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் வெளிவந்தது.

இன்று வேலை நிமித்தமாகவோ மேற்படிப்புக்காகவோ நம் பிள்ளைகள் சிலர் ஸ்பானிய மொழி கற்கின்றனர். அவர்கள் அடிகளார் நடந்த பாதையில் எதிர்த்திசையாக நடக்கின்றனர் எனலாம். போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீன் பெற்ற உடன்பிறப்புகள். ஸ்பானியத்திற்கு முதல் இலக்கணத்தை அந்தோனியோ தெ நெப்ரிகா 1492-இல் வெளியிட்டார். அம்மொழியின் வினைகள் ஆர், ஏர், ஈர் என முடியும் மூன்று இனம். ‘ஆப்லார்’ என்றால் பேசுதல். நிகழ்காலத்தில் அது ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாயிஸ், ஆப்லான் என ஆறு வடிவம் கொள்ளும். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறோம், பேசுகிறீர்கள், பேசுகிறார்கள் என்று நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள். ‘நான்’ என்று சொல்லவேண்டிய அவசியம் இரு மொழியிலும் இல்லை. ஈறே ஆளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்பவன் மலைத்து நிற்கும் இடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு மலைப்பு வேண்டுவதில்லை. ‘நாளை பேசுகிறேன்’ என்று நிகழ்காலத்தால் எதிர்காலத்தைச் சொல்லும் வழக்கமும் இரண்டிற்கும் பொது.

வேறுபாடு இல்லாமல் இல்லை. தமிழ் வினையில் பகுதிக்கும் விகுதிக்கும் இடையே காலம் காட்டும் இடைநிலை நிற்கிறது. நன்னூலார் நிகழ்காலத்திற்கு ஆநின்று, கின்று, கிறு என மூன்று கூறினார். ஸ்பானிய நிகழ்காலத்தில் அத்தகைய தனி உறுப்பு இல்லை. அவன், அவள், அது மூன்றிற்கும் ‘ஆப்லா’ ஒன்றே போதும். மரியாதைக்குரியவரை ‘உஸ்தேத்’ என்று விளித்து, முன்னிலையில் உள்ளவருக்கே படர்க்கை வினையை இடுவர். ‘தங்கள் தயை’ என்ற பொருளுடைய பழந்தொடர் தேய்ந்து வந்த சொல் அது. ‘தாங்கள்’ என்னும் நம் சொல்லும் படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு வந்ததே. ஆனால் நாம் ‘தாங்கள் வருகிறீர்கள்’ என்று வினையையும் முன்னிலையாக்கிக்கொண்டோம்.

இனிப் போனக்காட்டிற்கு மீள்வோம். தோட்டத்துத் தமிழர் ‘போகிறேன்’ என்பர். அவர்தம் மலையாள அண்டைவீட்டார் ‘போகுன்னு’ என்பர். ஞான் போகுன்னு, நீ போகுன்னு, அவன் போகுன்னு: ஆள் மாறினாலும் வினை மாறாது. திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணி புரிந்த ஏ. ஆர். ராஜராஜவர்மா, 1896-இல் வெளியிட்ட ‘கேரள பாணினீயம்’ என்னும் நூலில், மலையாளம் தமிழினின்று வேறுபட்டதற்கு ஆறு நியதிகள் வகுத்தார். அவற்றுள் ஒன்றற்குப் ‘புருஷபேத நிராசம்’, அதாவது இடவேறுபாட்டை விலக்குதல், என்று பெயர். இதனால் மலையாளம் குறைபட்ட மொழி என்று எவரும் நினைத்துவிடலாகாது. ஈறுகளை விடுத்த மொழியிலும் பெருங்காவியங்கள் பிறந்தன.

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இச்சரிவு கேரளத்தைச் சேர்ந்தது. பிற்காலத்தில் தோட்டம் நொடித்தது, தொழிற்சாலை ஓய்ந்தது, கூலி நிலுவையாயிற்று, லயத்து வீடுகளை விட்டுப் பலர் மலையிறங்கினர். வெளிமாநிலத்தில் பள்ளி ஒரு மொழியிலும் வீடு ஒரு மொழியிலுமாக வளரும் பிள்ளைக்கு முதலில் தளர்வது சொல்லன்று. ‘அரிசி’, ‘அம்மா’, ‘தண்ணீர்’ நெடுநாள் நிற்கும். வினையின் ஈறுதான் முதலில் ஆட்டம் காண்கிறது. தலைநகரில் நம் அண்டைவீட்டுச் சிறுவன் ‘பாட்டி வரான்’ என்கிறான். பாட்டியும் சிரித்துக்கொண்டே வருகிறார். மொழிபெயர்க்கும் மேசையில் நாம் காணும் இக்கட்டு இதற்கு நேர்மாறானது. ‘வருகிறேன்’ என்ற ஒரு சொல்லை இந்தியில் பெயர்க்க வேண்டுமானால், சொன்னவர் ஆடவரா பெண்டிரா என்று தெரிந்தாக வேண்டும். தமிழ் தன்மையில் பால் காட்டுவதில்லை, இந்தி காட்டுகிறது. கோப்பில் பெயர் இல்லாவிடில் எழுதுகோல் நின்றுவிடும்.

எழுத்தறியாச் சிறுவனுக்கு இலக்கணச் சூத்திரம் உதவாது. அடிகளார் கடற்கரையில் செய்ததுதான் உதவும். அவன் விரும்பும் வினை ஒன்றை எடுத்து, வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரையும் சுட்டிச் சொல்ல வைக்கலாம். நான் தின்கிறேன், அக்காள் தின்கிறாள், தாத்தா தின்கிறார், பூனை தின்கிறது, நாம் தின்கிறோம். நாம் அறிந்த ஓர் இல்லத்தில், கல்லூரி செல்லும் தமக்கை ஸ்பானியம் பயில்கிறாள். அவள் ‘கோமோ, கோமெஸ், கோமெ’ என்று தின்னலை ஓதும்போது, தம்பி எதிரே அமர்ந்து தமிழில் ஓதுகிறான். பூனைக்கும் தாத்தாவுக்கும் அவளிடம் ஒரே வடிவந்தான் உளது என்பதில் அவனுக்குப் பெருமகிழ்ச்சி.