கடலில் வளிமண்டல நைட்ரசன் படிவு

கடலில் வளிமண்டல நைட்ரசன் படிவு என்பது, மாந்தச் செயல்பாடுகளால் காற்றில் கலக்கும் நைட்ரசன் சேர்மங்கள் மழையுடனோ நுண்துகள்களாகவோ கடலில் சேர்வதைக் குறிக்கும். இம்மாசு ஆறுகளின் வழியாக மட்டுமன்றிக் காற்றின் வழியாகவும் நெடுந்தொலைவிலிருந்து வருவதால், கரையோர நடவடிக்கைகளால் மட்டும் இதனைத் தடுக்க இயலாது.

தோற்றம்

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரசன் வளிமம் ஆகும். பெரும்பாலான உயிரினங்களால் அதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. ஆனால் எரிபொருட்கள் எரியும்போது உருவாகும் நைட்ரசன் ஆக்சைடுகளும், உரங்கள், கால்நடைக் கழிவுகள் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் அம்மோனியாவும் உயிரினங்களுக்கு ஊட்டமாகக்கூடியவை.

கரையோரக் கடலில் தாக்கம்

நைட்ரசன் மிகும்போது மிதவை நுண்பாசிகள் பெருகி, கடற்புற்களுக்குச் செல்லும் ஒளியை மறைக்கின்றன. இறந்த பாசிகளைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் குறைகிறது. இது மிகை உணவூட்டம் எனப்படும். ஆக்சிசன் மிகக் குறைந்த பகுதிகளிலிருந்து மீன்கள் விலகிச் செல்கின்றன. இடம்பெயர இயலாத சிப்பி போன்றவை இறக்கின்றன.

திறந்த கடலில் தாக்கம்

2008 ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வின் மதிப்பீட்டின்படி, திறந்த கடலுக்கு வெளியிலிருந்து வரும் நைட்ரசனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாந்தச் செயல்பாடுகளால் காற்றில் கலந்ததாக இருக்கலாம். இதனால் பாசிகள் வளர்ந்து கூடுதல் கார்பன் டை ஆக்சைடை ஈர்க்கின்றன. எனினும் கடலிலிருந்து வெளியேறும் நைட்ரசு ஆக்சைடு என்னும் பைங்குடில் வளிமமும் அதிகரிப்பதால், இந்நன்மையில் மூன்றில் இரு பங்கு வரை இழக்கப்படலாம் என அவ்வாய்வு கூறுகிறது. இரும்புச்சத்து குறைந்த கடற்பகுதிகளில் நைட்ரசன் கூடினாலும் பாசிகள் அதிகம் வளர்வதில்லை.

செசபீக் விரிகுடா

ஐக்கிய அமெரிக்காவின் செசபீக் விரிகுடா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். அதில் சேரும் நைட்ரசனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை காற்றின் வழியே வருவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நிலத்தில் படிந்து, பின்னர் நீரோடைகளால் அடித்துவரப்படுவதும் இதில் அடங்கும். விரிகுடாவின் வடிநிலப் பரப்பு சுமார் 1,66,000 சதுர கிலோமீட்டர். அதற்குக் காற்றுவழி மாசு அனுப்பும் பகுதியோ சுமார் 15 இலட்சம் சதுர கிலோமீட்டர். வடிநிலத்திற்கு அப்பாலுள்ள ஒகையோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் அனல்மின் நிலையங்களும் இப்பகுதியில் அடங்கும்.

கட்டுப்பாடு

1990 இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தைத் தொடர்ந்து, மின் நிலையங்கள், வாகனங்கள் ஆகியவற்றின் நைட்ரசன் ஆக்சைடு உமிழ்வு வெகுவாகக் குறைந்தது. 2010 இல் செசபீக் விரிகுடாவுக்கு வகுக்கப்பட்ட மாசு வரம்பில், காற்றிலிருந்து நேரடியாக அதன் நீரில் விழும் நைட்ரசனுக்கும் ஆண்டுக்குச் சுமார் 7,100 டன் என எல்லை குறிக்கப்பட்டது. வேளாண்மையிலிருந்து வெளியேறும் அம்மோனியா அதே அளவுக்குக் குறையாததால், படிவில் அதன் பங்கு கூடியுள்ளது.