கேம்ரி விலைக்கு போர்ஷே 911: தெரிந்த கோளாறோடு ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா?

2002 மாடல் போர்ஷே 911 கரேரா. அமெரிக்காவில் புதிதாக விற்றபோது விலை 65,000 டாலருக்கு மேல். இன்று அதே கார், ஓரளவு நல்ல நிலையில், ஒரு புது டொயோட்டா கேம்ரி விலையை ஒட்டிக் கிடைக்கிறது. 911 வரிசையிலேயே மலிவான தலைமுறை இதுதான்.

ஏன் இவ்வளவு மலிவு? கார் பிரியர்களைக் கேட்டால் மூன்றே எழுத்தில் பதில் சொல்வார்கள்: ஐஎம்எஸ். இன்ஜினுக்குள் இருக்கும் ஒரு சின்ன பேரிங். அது உடைந்தால் பெரும்பாலும் இன்ஜினே போச்சு.

ஆனால் எல்லா காரிலும் அது உடைவதில்லை. பெரும்பான்மையான கார்களில் உடையவே இல்லை. அப்படியானால் வாங்கலாமா, வேண்டாமா? "நெட்டில் எல்லாரும் பயமுறுத்துறாங்க" என்பதும் பதில் இல்லை, "நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பதும் பதில் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐஎம்எஸ் பேரிங்னா என்ன?

ஐஎம்எஸ் என்பது இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்பதன் சுருக்கம். கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே ஓடும் ஒரு துணைத் தண்டு. கிராங்க் ஷாஃப்ட் இதைச் சுழற்றும். இது செயின்கள் வழியாக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளைச் சுழற்றும். அதாவது பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதாமல் நேரம் தவறாமல் இயங்குவதற்கு நடுவில் நிற்கும் ஆள் இதுதான்.

இந்தத் தண்டின் ஒரு முனை ஆயில் பம்ப் பக்கம், ஆயிலிலேயே மிதந்து சுழல்கிறது. அங்கே பிரச்சினை இல்லை. கியர்பாக்ஸ் பக்கம் உள்ள மறு முனையில்தான் ஒரு பால் பேரிங். உள்ளே கிரீஸ் அடைத்து, இரண்டு பக்கமும் சீல் போட்டு மூடிய பேரிங்.

இங்கேதான் சிக்கல். வருடங்கள் போகப் போக சூடான இன்ஜின் ஆயில் அந்த சீலைத் தாண்டி உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. ஆனால் புது ஆயில் தாராளமாக உள்ளே போய் வர அதே சீல் விடாது. கிரீஸும் இல்லை, நல்ல ஆயிலும் இல்லை. பேரிங் தேய்கிறது, குண்டுகள் சிதைகின்றன, தண்டு ஆடுகிறது. செயின் ஒரு பல் தாவினால் போதும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். உடைந்த உலோகத் துகள்கள் ஆயிலோடு சேர்ந்து இன்ஜின் முழுக்கப் பரவும். அதன்பிறகு ரிப்பேர் என்ற பேச்சே இல்லை; வேறு இன்ஜின்தான்.

எந்தெந்த கார்களில் இருக்கிறது?

போர்ஷே தனது முதல் தண்ணீர் குளிர்விப்பு 911-ஐ (996 என்பது அதன் உள்பெயர்) 1990-களின் இறுதியில் கொண்டுவந்தது. நிறுவனம் பணநெருக்கடியிலிருந்து மீண்டுவந்த காலம் அது. செலவைக் குறைக்க 911-உம் பாக்ஸ்டரும் ஒரே குடும்பத்து இன்ஜினைப் பகிர்ந்துகொண்டன. அந்த இன்ஜின்களில் மூன்று வகை பேரிங்குகள் வந்தன.

- இரட்டை வரிசை பேரிங்: 1997 முதல் 1999 வரையிலான கார்கள், அதையடுத்து 2000, 2001-இல் சில. மூன்றில் பழசு, ஆனால் உறுதியானது.
- ஒற்றை வரிசை பேரிங்: சுமார் 2000 முதல் 2005 வரை. கெட்ட பெயரை வாங்கித் தந்தது இதுதான்.
- பெரிய அளவு பேரிங்: 2006 முதல் 2008 வரை, 2005-இல் சில. உடைவது அரிது. ஆனால் இன்ஜினை இரண்டாகப் பிரிக்காமல் இதைக் கழற்ற முடியாது.

2009 மாடலிலிருந்து வந்த புதிய இன்ஜின்களில் இந்தத் தண்டே கிடையாது. அதே காலத்து 911 டர்போ, ஜிடி3, ஜிடி2 கார்களில் இருந்தது வேறு இன்ஜின். அவற்றுக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.

மாறுதல் நடந்த வருடங்களில் வெறும் மாடல் வருடத்தை வைத்து எந்த பேரிங் என்று முடிவு செய்ய முடியாது. இன்ஜின் எண்ணைப் பார்க்க வேண்டும். இடையில் இன்ஜின் மாற்றப்பட்டிருந்தால் கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

எத்தனை சதவீதம் உடைகிறது?

அமெரிக்காவில் உரிமையாளர்கள் 2011-இல் போர்ஷே மீது கூட்டு வழக்கு தொடுத்தார்கள். 2013-இல் சமரசம் ஏற்பட்டது. 2001 மே 4 முதல் 2005 பிப்ரவரி 21 வரை தயாரான பாக்ஸ்டர், 911 கார்களுக்கு அது பொருந்தும். விற்பனையான 10 ஆண்டுக்குள் அல்லது 1,30,000 மைலுக்குள் பேரிங் உடைந்திருந்தால் நிவாரணம். இன்று அந்தக் கதவு மூடியாச்சு. இப்போது வாங்குபவருக்கு அதிலிருந்து ஒரு டாலரும் வராது.

ஆனால் அந்த வழக்கு ஓர் எண்ணைத் தந்தது. அதைச் சுட்டிப் பரவலாகச் சொல்லப்படுவது: ஒற்றை வரிசை பேரிங்கில் சுமார் 8 முதல் 10 சதவீதம், இரட்டை வரிசையில் 1 சதவீதம் அளவில்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். ஒன்று, இது அந்தக் காலகட்டம் வரை நடந்ததன் கணக்கு. நீங்கள் வாங்கப்போகும் காருக்கு இனிமேல் நடக்கப்போவதன் கணக்கு அல்ல. பலவீனமான பேரிங்குகள் பல ஏற்கெனவே உடைந்து போய்விட்டன. இன்று ஓடிக்கொண்டிருப்பவை தப்பிப் பிழைத்தவை. அந்த வகையில் ஆபத்து குறைவு. ஆனால் அதே பேரிங்குக்கு இன்று 20 வயதுக்கு மேல். அந்த வகையில் ஆபத்து அதிகம். இரண்டும் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன.

இரண்டாவது, உடைந்தவர்தான் சத்தமாகப் பேசுவார். ஒரு லட்சம் மைல் நிம்மதியாக ஓட்டியவர் அதைப் பற்றி யாரிடமும் சொல்லப் போவதில்லை. காதில் விழும் கதைகளின் எண்ணிக்கையை வைத்து ஆபத்தை அளந்தால் அது எப்போதும் கூடுதலாகவே தெரியும்.

சரி, கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் உதாரணம். கார் விலை 25,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பேரிங் உடைந்தால் வேறு இன்ஜினுக்கு 20,000 டாலர். உடைவதற்கு முன்பே, மேம்பட்ட பேரிங்கை மாற்ற வேலைக்கூலியோடு 3,000 டாலர். இவை கணக்குக்காக எடுத்த எண்கள். ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை மாறும்.

ஆபத்து 8 சதவீதம் என்றால் சராசரி இழப்பு: 20,000-இல் 8 சதவீதம், அதாவது 1,600 டாலர். அதைத் தடுக்க 3,000 டாலர் செலவு. கணக்குப்படி பார்த்தால் மாற்றாமல் விடுவதே லாபம்! 3,000 செலவு நியாயப்பட வேண்டுமானால் ஆபத்து 15 சதவீதத்தைத் தாண்ட வேண்டும்.

அப்புறம் ஏன் எல்லாரும் மாற்றச் சொல்கிறார்கள்? இரண்டு காரணம்.

முதலாவது, கிளட்ச். பேரிங்கை எட்ட கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் மாற்றவும் அதே கியர்பாக்ஸைத்தான் இறக்க வேண்டும். கிளட்ச் எப்படியும் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்றால் கூலி ஒரு முறைதான். பேரிங்குக்கான கூடுதல் செலவு 1,500 டாலராகக் குறைந்தால், ஆபத்து 7.5 சதவீதம் இருந்தாலே மாற்றுவது சரியாகிவிடும். ஒற்றை வரிசை பேரிங் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. இரட்டை வரிசை தாண்டுவதில்லை.

இரண்டாவது, சராசரி என்பது ஆயிரம் கார் வைத்திருப்பவருக்கு. உங்களிடம் இருக்கப்போவது ஒன்று. அது உடைந்தால் நீங்கள் இழப்பது 1,600 டாலர் அல்ல, 20,000. அந்த 20,000 உங்களிடம் தனியாக இருந்து, போனாலும் தூக்கம் கெடாது என்றால் ரிஸ்க் எடுக்கலாம். சேமிப்பை எல்லாம் துடைத்து கார் வாங்கிவிட்டு, மாதாமாதம் தவணையும் கட்டுபவருக்கு அந்த 3,000 டாலர் என்பது பேரிங் செலவு இல்லை, இன்ஷூரன்ஸ் பிரீமியம். மருத்துவக் காப்பீடும் சராசரிக் கணக்கில் நமக்கு நஷ்டம்தான். அதற்காக யாரும் எடுக்காமல் இருப்பதில்லையே.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இந்தக் காரில் பல் என்பது ஆயில் ஃபில்டர். இதன் ஃபில்டர் காகித மடிப்புகளால் ஆனது. கழற்றி விரித்துப் பார்க்கலாம். மடிப்புகளுக்குள் காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பான உலோகத் துகள் இருந்தால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். ஏற்கெனவே துகள் பரவிய இன்ஜினில் புது பேரிங் போட்டும் பயனில்லை. பழைய துகளே புதியதைக் கெடுத்துவிடும். பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்குகள் வேறு கதை. அவை பெரும்பாலும் செயின் வழிகாட்டிகளிலிருந்து உதிர்ந்தவை, மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிவு இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அது கிராங்க் ஷாஃப்ட் சீல் கசிவு; தொல்லை, ஆபத்தில்லை. ஆனால் எங்கிருந்து கசிகிறது என்று உறுதிப்படுத்தாமல் விடக்கூடாது.

சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். "ஐஎம்எஸ் மாத்தியாச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. எந்த வகை பேரிங், எந்தத் தேதி, எத்தனை மைலில், எந்தப் பட்டறை என்று பில்லில் இருக்க வேண்டும். மாற்று பேரிங்குகளிலும் சிலவற்றைக் குறிப்பிட்ட மைலுக்குப் பிறகு மறுபடி மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பத்து வருடம் முன்பு மாற்றியது இன்று மறுபடி பழசு.

குறைவாக ஓடிய கார் என்றால் நல்லது என்று நினைப்போம். இதில் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலர் நேர்மாறாகச் சொல்கிறார்கள்: அடிக்கடி ஓடி, அடிக்கடி ஆயில் மாறிய கார், ஷெட்டிலேயே தூங்கிய காரைவிட மேல்.

இதையெல்லாம் நீங்களே பார்ப்பதைவிட, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, இந்த இன்ஜினைப் பிரித்துப் பழகிய ஒருவரிடம் காசு கொடுத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் ஒன்று: பல சமயம் இந்தக் கோளாறு முன்னறிவிப்பே இல்லாமல் வரும். சோதனையில் தேறியது என்றால் ஆபத்து குறைந்தது என்று பொருள், நீங்கியது என்று அல்ல.

பெயர் பெற்ற கோளாறு, பெயர் பெறாத கோளாறு

ஐஎம்எஸ் பற்றியே பேசிப் பேசி, வாங்குபவர்கள் தவறவிடும் இன்னொன்று இருக்கிறது: சிலிண்டர் சுவரில் கீறல் விழுவது. 2005 முதல் 2008 வரையிலான 3.6, 3.8 லிட்டர் இன்ஜின்களில் இதுவே பெரிய கவலை. ஆயில் குடிப்பது, தட்டுவது போன்ற சத்தம், ஒரு பக்க சைலன்சர் குழாய் மட்டும் கரி பிடிப்பது ஆகியவை அறிகுறிகள். சிலிண்டருக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்த்தால் தெரியும். இதற்கும் வைத்தியம் இன்ஜினைப் பிரிப்பதுதான்.

"2006 மாடல், அதனால் ஐஎம்எஸ் பயமில்லை" என்று மகிழ்ந்து, கேமரா சோதனைக்கு ஆகும் சில நூறு டாலரை மிச்சம் பிடிப்பவர்தான் அதிகம் ஏமாறுகிறார்.

இந்தியாவில் இருப்பவருக்கு இதில் என்ன?

20 வயது போர்ஷேயை வெளிநாட்டிலிருந்து சாதாரணமாக இங்கே கொண்டுவர முடியாது. இறக்குமதியாகும் பழைய கார் தயாராகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் இதே கணக்கு நம் தெருவுக்கும் பொருந்தும். பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டச் சுகமான கார். அதன் 7 கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸின் மெக்கட்ரானிக் யூனிட் பற்றிய பயமும் கூடவே வரும். அங்கேயும் கேட்க வேண்டியவை இவையே:

1. கெட்டுப்போனால் மொத்தச் செலவு எவ்வளவு? காரின் விலையில் அது எத்தனை பங்கு?
2. முன்கூட்டியே தடுக்க வழி உண்டா? அதற்கு எவ்வளவு?
3. அந்தக் கோளாறுக்காக விலையில் எவ்வளவு குறைத்திருக்கிறார்கள்? தடுக்கும் செலவைவிட அது அதிகமா?
4. நாளைக்கே கெட்டுப்போனால் உங்களால் தாங்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்றால், அந்தக் கோளாறு உங்களுக்கு ஒரு பேரம். 996 அப்படிப்பட்ட கார்தான். அதன் விலை குறைவுக்கு பேரிங் மட்டும் காரணமில்லை. அதன் முகப்பு விளக்குகள் பழைய 911 ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. கோளாறைச் சரிசெய்ய 3,000 டாலர் போதும் என்கிறபோது, சந்தை அதைவிட அதிகமாகவே தள்ளிக் கொடுக்கிறது.

நான்காவது கேள்விக்கு "இல்லை" என்றால், முதல் மூன்றின் பதில் எதுவானாலும், பேரிங் மாற்றி பில்லோடு நிற்கும் காரை மட்டும் தேடுங்கள். கொஞ்சம் விலை கூடத்தான் இருக்கும். கொடுக்கலாம்.