வகுப்புக்குப் போன நீதிபதி

இருபது வருஷமா சாஃப்ட்வேர் வேலை. 'டைவர்சிட்டி', 'லீடர்ஷிப்' என்ற பெயரில் நான் உட்கார்ந்து எழுந்த பயிற்சி வகுப்புகளுக்குக் கணக்கே கிடையாது. ஜூன் மாதம் வந்தால் லோகோ வானவில் நிறத்துக்கு மாறும், ஒரு பேச்சாளர் வருவார், மேனேஜர்கள் லேப்டாப்புக்குப் பின்னால் மெயில் பார்ப்பார்கள். இதெல்லாம் மேலே இருக்கும் ஒருத்தரை உண்மையிலேயே மாற்றுமா என்ற சந்தேகம் எனக்கு எப்பவும் உண்டு. மாறிய ஒருத்தர், தான் மாறிய கதையைத் தானே எழுதிவைத்த ஆவணம் நம்ம சென்னையிலேயே இருக்கிறது: 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய, 'சுஷ்மா வழக்கு' என்று அறியப்படும் உத்தரவு.

காதலித்த இரண்டு இளம்பெண்கள் மதுரையை விட்டு சென்னைக்கு வந்துவிட்டார்கள். இரு வீட்டாரும் 'பெண்ணைக் காணோம்' என்று போலீசில் புகார் கொடுக்க, பாதுகாப்பு கேட்டு இவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இரண்டு பேரும் மேஜர், காணாமலும் போகவில்லை. ஒரு பக்கத்தில் உத்தரவு எழுதி முடித்திருக்கலாம்.

அவர் அப்படிச் செய்யவில்லை. பெற்றோரையும் பெண்களையும் ஆலோசனைக்கு அனுப்பினார். அதோடு, இந்த விஷயம் தனக்கே முழுசாகப் புரியவில்லை, தன் மனசிலும் பழைய எண்ணங்கள் இருக்கின்றன என்று சொல்லி, உளவியல் நிபுணர் வித்யா தினகரனிடம் தானே ஒரு அமர்வுக்கு நேரம் கேட்டார். அதற்குப் பிறகு இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களோடும் பேசினார். அவர்களில் ஒருவர் டாக்டர் எல். ராமகிருஷ்ணன், 'சாத்தி' அமைப்பில் பல வருஷம் பணியாற்றியவர். இன்னொருவர் டாக்டர் திரிநேத்ரா ஹல்தார் கும்மராஜு, திருநங்கை மருத்துவர். அவரைத் தன் அறியாமையிலிருந்து வெளியே இழுத்த குரு என்றே நீதிபதி தீர்ப்பில் எழுதியிருக்கிறார். வயதில் தன்னைவிட எவ்வளவோ சின்னவரை ஒரு உயர்நீதிமன்ற நீதிபதி குரு என்கிறார்! நம்ம ஊர் ஆபீஸ்களில் ஒரு டீம் லீட் வாயிலிருந்து இது வருமா?

பலன் காகிதத்தோடு நிற்கவில்லை. பாலீர்ப்பை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிகளுக்கு அந்த உத்தரவு தடை போட்டது. 2022-ல் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற பிரிவைச் சேர்த்து, இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்றது. அதே வருஷம் தேசிய மருத்துவ ஆணையம், 'மாற்றுச் சிகிச்சை' தொழில்முறைத் தவறு என்று மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது.

என்னை அதிகம் இழுத்தது சொல் விவகாரம்தான். நாம் படித்து வளர்ந்த பத்திரிகைத் தமிழில் இருந்தது 'ஓரினச்சேர்க்கை'. யோசித்துப் பாருங்கள், ஒரு மனுஷனின் காதல், வீடு, வாடகை, வயதான காலம் எல்லாத்தையும் 'சேர்க்கை' என்ற ஒரே செயலுக்குள் அடைத்த சொல் அது. 'ஓரினம்' என்பதும் தப்பு, ஆணும் பெண்ணும்கூட ஒரே இனம்தானே? அதே வழக்கின் தொடர்ச்சியாக, மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. அந்தச் சொற்கள் செயலகத்தில் பிறந்தவை அல்ல. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர், திருநர் மாதிரிச் சொற்களை 'ஓரினம்' குழு, 'குயர் சென்னை க்ரானிக்கிள்ஸ்' போன்றவர்கள் பல வருஷமாகப் புழங்கி, விவாதித்து, தேய்த்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். 2018 ஜூலையில் மயிலாப்பூர் கவிக்கோ மன்றத்தில் குயர் இலக்கிய விழா நடந்தது. உச்ச நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியது அந்த வருஷம் செப்டம்பர் 6-ல். அதாவது, சட்டத்தின் கண்ணில் இன்னும் குற்றமாக இருந்தபோதே நம்ம மயிலாப்பூரில் அதைப் பற்றி மேடை போட்டு இலக்கியம் பேசிவிட்டார்கள். அதற்கும் முன்னால், 2009-லேயே சென்னையில் வானவில் பேரணி நடந்தாயிற்று.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் இதே உயர்நீதிமன்றத்துக்கு இன்னொரு ஆட்கொணர்வு மனு வந்தது: 25 வயதுப் பெண்ணை வீட்டார் அடைத்து வைத்திருப்பதாக அவருடைய இணையர் வந்து நின்றார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அவரை விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. எல்லாப் பெற்றோரும் லீலா சேத் மாதிரி இருந்துவிடுவதில்லை என்றும் சொன்னது. (எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா, உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர்.)

அந்தத் தீர்ப்பிலும் சொல் பிரச்சினை வந்தது. 'குயர்' என்றால் அகராதியில் விசித்திரம் என்று பொருள், அவருக்கு இயல்பாக இருக்கும் ஒன்றை ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் தயங்கியது. தங்களைத் தாங்களே அப்படி அழைத்துக்கொள்பவர்கள் பலர் உண்டு என்பதால் எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் தமிழில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. 'பால்புதுமையர்' என்பதில் விசித்திரம் எங்கே இருக்கிறது?