கல்லில் இல்லாத கேள்வி

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த சாசனங்கள் அங்கே இருக்கின்றன. 30 குடும்புகள், குடவோலை, ஓலையை எடுத்துத் தரும் சிறுபையன் எல்லாம் நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்ற விதியைக் கேட்டதும், "ஆகா, இது இன்றைக்கு இருந்தால்!" என்று பெருமூச்சு விடுகிறோம்.

அதே பட்டியலில் 'அகம்யாகமனம்' செய்தவனும் இருக்கிறான். கூடத்தகாத பெண்ணோடு கூடியவன் என்று பொருள். அவன் பெயர் ஆயுள் உள்ளவரை குடத்துக்குள் போகாது. நல்ல விதிதான். ஆனால் அந்தச் சொல் உறவு முறையைப் பற்றித்தான் கவலைப்படுகிறது. அந்தப் பெண் இணங்கினாளா, கதறினாளா என்று கேட்கவில்லை. அவள் வயிற்றில் கரு தங்கினால் கதி என்ன என்றும் கேட்கவில்லை.

"ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் சாசனத்தில் இதை எதிர்பார்க்கலாமா?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயந்தான். இந்த விஷயத்துக்கென்றே எழுதிய சட்டத்தைப் பார்ப்போம்.

1860இல் வெள்ளைக்கார சர்க்கார் இந்தியத் தண்டனைச் சட்டத்தை இயற்றியது. அதன் 312ஆவது பிரிவின்படி, தாயின் உயிரைக் காக்க அல்லாமல் கருவைக் கலைத்தால் 3 வருஷம் வரை சிறை. வயிற்றில் சிசு அசையத் தொடங்கியபின் என்றால் 7 வருஷம் வரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் இதே தண்டனை. பலாத்காரத்தால் வந்த கர்ப்பத்துக்கும் விலக்கு இல்லை. பலாத்காரம் செய்தவனைத் தண்டிக்க அதே புத்தகத்தில் 376ஆவது பிரிவு இருந்தது. ஆக, அவனும் சிறைக்குப் போகலாம், அவளும் போகலாம்! அவன் குற்றத்துக்குச் சாட்சி தேடவேண்டும். அவளுக்கோ, ஊர் பார்த்த வயிறே சாட்சி. மிஞ்சிய வழி மறைவில் கைமருந்து, இல்லாவிட்டால் கிணறு.

சுதந்திரம் வந்தபின்னும் இந்த நிலை நீடித்தது. 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் சிபாரிசுகளை ஒட்டி 1971இல் புதுச் சட்டம் பிறந்தது. பலாத்காரத்தால் உண்டான கர்ப்பம் பெண்ணின் மனநலத்துக்குப் பெருந்தீங்கு என்று அது ஒப்புக்கொண்டது. 20 வாரம் வரை டாக்டர்களே கருவைக் கலைக்கலாம் என்றது. 2021இல் பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்கும் சிறுமிகளுக்கும் அந்தக் கெடு 24 வாரமாக நீண்டது. கணவன் செய்த பலாத்காரமும் இந்தச் சட்டத்துக்குப் பலாத்காரமே என்று 2022இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

இத்தனைக்குப் பிறகும், பழைய 312ஆவது பிரிவு மறையவில்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்கும் கருக்கலைப்பு குற்றந்தான். 1971ஆம் வருஷச் சட்டம் தருவது விலக்கு மட்டுமே. முடிவு சொல்கிறவரும் டாக்டர்தான். 24 வாரம் கடந்துவிட்டால், உயிருக்கு ஆபத்தோ சிசுவுக்குப் பெருங்குறையோ இல்லாதவரை, பலாத்காரத்துக்கு ஆளான பெண் கோர்ட்டுப் படி ஏறவேண்டியதுதான்.

வாரத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கெடு சரி. 2017இல் சண்டீகரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பலாத்காரத்தால் கர்ப்பமானாள். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டை எட்டியபோது 32 வாரம் ஆகியிருந்தது. இனிக் கலைப்பது ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லவே, கோர்ட்டு அனுமதி மறுத்தது. ஆகஸ்டு மாதம் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். அந்த 24 வாரக் கெடு அன்றே இருந்திருந்தாலும் அவளுக்கு உதவியிருக்காது.

அவளிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. "உன் வயிற்றிலே ஒரு கல் இருக்கிறது" என்று சொல்லி வைத்திருந்தார்கள்.