பதினான்கரை மணி நேரம் கழித்து வந்த சின்ன வெடி

1979 மார்ச் 5. இந்திய நேரப்படி இரவு 9.21. வெள்ளிக் கோளில் இறங்குகலங்களை விட்டுவிட்டு, வேலை முடிந்த வண்டிகள்போல் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தன சோவியத்தின் வெனிரா 11, வெனிரா 12. அவற்றின் காமாக் கதிர்க் கருவிகள் விநாடிக்கு நூறு என்று சோம்பலாக எண்ணிக்கொண்டிருந்தன. திடீரென்று, ஒரு மில்லி விநாடிகூட ஆகவில்லை, எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 11 விநாடியில் ஹீலியோஸ் 2 கலத்தின் கருவி திக்குமுக்காடியது. அப்புறம் வெள்ளியைச் சுற்றிய அமெரிக்கக் கலம். அப்புறம் பூமிக்கு மேலே வேலா செயற்கைக்கோள்கள்.

வேலா செயற்கைக்கோள்கள், திருட்டுத்தனமான அணுகுண்டுச் சோதனையைப் பிடிக்கப் போய், 1967-ல் விண்வெளியின் வெடிப்பைப் பிடித்தவை. அதன்பின் பதிவான வெடிப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வந்தன. வெடித்த இடம் மறுபடி வெடித்ததாக யாரும் கண்டதில்லை.

திருவிழா அதிர்வேட்டு எந்தத் தெருவுக்கு எப்போது கேட்டது என்று விசாரித்தால் போட்ட இடம் தெரிந்துவிடும். கலங்கள் குறித்த நேரங்களை வைத்து விஞ்ஞானிகளும் அப்படித்தான் தேடினார்கள். கோடுகள் சந்தித்த இடம் பெரிய மெகல்லானிய மேகம். அதில் பழைய சூப்பர்நோவா ஒன்றின் சிதறல். தூரம் ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு. அவ்வளவு தொலைவிலிருந்து இவ்வளவு வெளிச்சமா என்று பலர் நம்பவே இல்லை.

எல்லோரும் இந்தப் பெருவெடியையே பேசினார்கள். எனக்கென்னவோ, கதையின் நாயகன் மறுநாள் வந்த சின்ன வெடிதான். பதினான்கரை மணி நேரம் கழித்து, அதே இடத்திலிருந்து, மிக மங்கலாக ஒன்று. லெனின்கிராட் யோஃபே கழகத்தின் எவ்கெனி மாஸெட்ஸ் குழு பொறுமையாகக் காத்திருந்து, நான்கு ஆண்டுகளில் மொத்தம் 16 வெடிப்புகளை அங்கே எண்ணியது. ஒரே அடியில் அழிந்துபோகிற பொருள் இப்படித் திரும்பத் திரும்ப வெடிக்காது. அங்கே இருப்பது இன்னும் உயிரோடு இருக்கிறது!

அது என்ன? 1992-ல் ராபர்ட் டங்கனும் கிறிஸ்டோபர் தாம்சனும் ஒரு பதில் சொன்னார்கள்: அசுரக் காந்தம் கொண்ட நியூட்ரான் விண்மீன், மேக்னட்டார். அந்தக் காந்தம் மேலோட்டை முறுக்கி உடைக்கும்போதெல்லாம் காமாக் கதிர் பீறிடும். ஆறு ஆண்டுகள் இது காகிதக் கணக்காகவே இருந்தது. 1998-ல் கிரிஸ்ஸா கூவெலியோட்டு குழு, தனுசு ராசிப் பக்கம் இதேபோல் திரும்பத் திரும்ப வெடிக்கும் இன்னொன்றை அளந்தது. 7.47 விநாடிக்கு ஒரு சுற்று. அதுவும் மெல்ல மெல்ல வேகம் குறைகிறது. பிரேக் பிடிப்பது எது? பூமியின் காந்தத்தைப்போல் நூறு லட்சம் கோடி மடங்குக்கும் மேலான காந்தம்.

அந்தத் தனுசுப் பக்கத்து விண்மீன் 2004-ல் கொடுத்த வெடி 1979-ஐயும் மிஞ்சியது. நம் வளிமண்டலத்தின் அயனி அடுக்கையே அது கலக்கியது. இந்திய நேரப்படி டிசம்பர் 28, அதிகாலை 3 மணி. சுனாமிக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. தேதியைப் பாருங்கள்: கடல் பொங்கியது 26-ம் தேதி காலையில், வெடி வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு.