நாவலப்பிட்டி வழி: மலைநாட்டுப் பயணமும் அதன் சுமைகாரரும்

போயா தினமும் சனி, ஞாயிறும் சேர்ந்து வரும் நாள்களில் நுவரெலியாவை நோக்கியும் ஹோர்ட்டன் சமவெளியை நோக்கியும் மக்கள் திரள் திரளாகச் செல்வதைக் காணுமொருவர், இது என்றுமுள்ள வழக்கமெனக் கருதக்கூடும். ஆயின், காட்சியின் பொருட்டு மலையேறுதல் ஈழத்தில் பெரிதும் ஆங்கிலேயராட்சியோடு வேரூன்றிய பழக்கமாகும். அதற்கு முன்னர் மலைக்குச் சென்றோருட் பெரும்பாலோர் வழிபாட்டுக்காகச் சென்றனர். அல்லது பிறருடைய சுமையைத் தூக்கிக்கொண்டு சென்றனர். முன்னவர் பற்றி நூல்கள் பல உள. பின்னவர் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. அவர்களை மலைப்பயண வரலாற்றினுள் எங்கே வைப்பது என்னும் வினாவை, நாவலப்பிட்டியை நடுவாகக் கொண்டு நோக்குதல் பொருத்தமாகும். மலைநாட்டின் சுமை பத்தாண்டுக்காலம் கைமாறிய இடம் அதுவே.

சிவனொளிபாதமலைக்கு ஏறியோருள் நமக்கு நன்கு அறிமுகமானவர் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா. 1344ஆம் ஆண்டில் இலங்கைக் கரையையடைந்த அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணையும் கொடுத்தனுப்பினான். ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரசனின் ஆட்கள் பதின்மர், உணவுப் பொருள்களைச் சுமப்போர் பதினைவர் எனப் பதூதா கணக்கிட்டு எழுதியுள்ளார். அப்பதினைவரும் எவ்வூரினர், என்ன மொழி பேசினர் என்பன பற்றி ஒரு சொல்தானும் இல்லை. எனினும் எண்ணிக்கையையாவது குறித்துவைத்தாரே என்று நாம் ஆறுதலடையலாம். பின்வந்த பயணிகள் பலர் அதனையும் செய்திலர்.

கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின் மலைப்பயணத்தின் தன்மை மாறிற்று. 1817இல் டொக்டர் ஜோன் டேவி சிவனொளிபாதமலையேறினார். 1834இல் லெப்டினன்ட் பிஷர், லெப்டினன்ட் வட்சன் என்னும் படை அதிகாரிகள் உயர்ந்த புல்வெளியொன்றைக் ‘கண்டுபிடித்து’, அதற்கு அப்போதைய தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டனின் பெயரை இட்டனர். சிங்கள மக்கள் அதனை மகா எலிய என்று முன்னமே அழைத்துவந்தனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வேட்டையே அக்காலத்து உல்லாசம். மேஜர் றொஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக்கொன்றார் எனக் கூறப்படுகின்றது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். யானைகளின் பழி என்று மக்கள் பேசிக்கொண்டதில் வியப்பில்லை. 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், தம் வேட்டையனுபவங்களை 1850களில் இரு நூல்களாக வெளியிட்டார். ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள நீர்வீழ்ச்சி இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இக்காலத்திலேதான் மற்றொரு பயணமும் நிகழ்ந்துகொண்டிருந்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் இறந்தோர் எத்தனையோர் என்பது ஆய்வாளரிடையே தீராத வழக்கு. எண்ணிக்கையைப் பற்றியே பெரிதும் விவாதித்த நாம், அந்நடையை ஒரு மலைப்பயணமாக எண்ணிப் பார்த்ததில்லை. பேக்கர் ஏறியதும் மலைதான். அவர்கள் ஏறியதும் மலைதான்.

புகையிரதம் கொழும்பிலிருந்து கண்டியை 1867இல் அடைந்தது. பேராதனையிலிருந்து பிரிந்த பாதை, கம்பளையைக் கடந்து 1874இல் நாவலப்பிட்டியை அடைந்து அங்கே நின்றுவிட்டது. ஹற்றனுக்கு அது சென்றது 1884இல்; நானுஓயாவுக்கு 1885இல். இடைப்பட்ட பத்தாண்டுகளும் நாவலப்பிட்டியே பாதையின் முடிவிடமாக விளங்கிற்று. டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகளுக்கு வேண்டிய அரிசி இங்கு இறக்கப்பட்டது. அங்கிருந்து வந்த கோப்பி இங்கு ஏற்றப்பட்டது. இரண்டுக்குமிடையே மாட்டு வண்டியும், வண்டி செல்லாவிடத்து மனிதத் தலையுமே வாகனங்கள். தோட்டத் துரைமார் குதிரையேறிச் சென்றனர். அவர்தம் பெட்டிகள் பின்னே தலைச்சுமையாகச் சென்றன. ஜேர்மானிய உயிரியலறிஞர் ஏர்னஸ்ட் ஹெக்கல் 1882ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் சிவனொளிபாதமலையுச்சியை அடைந்து, அங்கே டார்வினின் பிறந்தநாளை நினைவுகூர்ந்தார். அவ்வேளையிலும் புகையிரதம் நாவலப்பிட்டியைத் தாண்டியிருக்கவில்லை.

நாவலப்பிட்டிக்கு அப்பாற் பாதை அமைத்தல் எளிய கருமமன்று. 44 அடிக்கு ஓர் அடி என்னும் ஏற்றத்தில், வளைந்து வளைந்து அது மேலேறுகின்றது. கலபொட, வட்டவளை என மழை ஓயாத இடங்களைக் கடந்து, ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தினூடே புகுந்து, பட்டிப்பொலையில் 6,000 அடிக்கு மேற்பட்ட உச்சியை எட்டுகின்றது. உலகின் அழகிய புகையிரதப் பாதைகளுள் ஒன்றென இன்று வெளிநாட்டார் புகழ்வது இப்பாதையையே. தென்னிந்தியத் தொழிலாளரின் கைகளே பெரும்பாலும் அம்மலைகளை வெட்டின. அக்கைகளுக்குரியோர் அதிற் காட்சி காண ஏறியதில்லை.

ஏறவும் இயலாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளி சிறைத்தண்டனைக்கு உரியவனானான். அதனோடு துண்டு முறையும் சேர்ந்துகொண்டது. கடன் தொகை குறிக்கப்பட்ட துண்டு கையில் இல்லாதவனை மற்றொரு தோட்டம் ஏற்காது. 1921இல் ஒழிக்கப்படும்வரை, அடுத்த மலைக்குக் குடிபெயர்வதற்கே ஒரு காகிதத்தை எதிர்பார்த்து நிற்கவேண்டிய நிலை இருந்தது. வெளியாரும் தோட்டங்களுக்குள் எண்ணியவாறு நுழைய முடியாது. 1920ஆம் ஆண்டையண்டிய காலத்தில் மலையகத் தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய கோ. நடேசய்யர், புடைவை வியாபாரியாக வேடம்பூண்டே தோட்டங்களுக்குட் சென்றார். ஒரே மலைச்சரிவு ஒருவருக்கு இளைப்பாறுமிடமாகவும் மற்றொருவருக்கு வேலியாகவும் இருந்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வேலிக்கு வெளியே உல்லாசம் செழித்தது. நுவரெலியாவிற் கிரகரி வாவி 1870களில் அமைக்கப்பட்டது; ஹில் கிளப் 1876இல் தோன்றிற்று. இங்கிலாந்தின் கோடைக்காலத்தை ஏப்ரல் மாதத்து நுவரெலியாவிற் தேடிக்கொண்டனர் ஆட்சியாளர். ஹென்றி கேவ் என்பார் 1908இலும் 1910இலும் வெளியிட்ட நூல்கள், புகையிரதப் பயணிக்கு ஒவ்வொரு நிலையமாக வழிகாட்டின. ஸ்கீன், பிளாட்டே ஆகிய நிழற்பட நிறுவனங்கள், கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்து விற்றன. சுமந்தவர் முதன்முதலாகப் பயணியின் பார்வைக்கு வந்தது இவ்வாறுதான்: கூடையோடு, பெயரின்றி, காட்சியின் ஒரு பகுதியாக. இன்று கைத்தொலைபேசியில் அதே படத்தை எடுப்போர் அந்நிழற்படக்காரரின் வழித்தோன்றல்களே. இதனை அவர்மீது குற்றமாகச் சுமத்த நான் முற்படவில்லை. பழக்கம் எங்கிருந்து வந்ததென்று சுட்டுகின்றேன்.

ஆட்சியாளர் செய்த நன்மையொன்றையும் மறைத்தல் நேர்மையன்று. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளரான ஜோசெப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காது விடுமாறு 1873இல் ஆலோசனை கூறினார். ஹோர்ட்டன் சமவெளி எஞ்சியதற்கு அது முக்கிய காரணமாகும். அச்சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமையுள் இடம்பெற்றது.

மலைப்பாதையின் வரலாற்றில் வேறொரு பயணத்தையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பின்னர் தீர்க்கப்படுமென ஒத்திவைக்கப்பட்டது. அதன்பின் மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதங்களிற் குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறினர். ஏறியவரும் அழுதனர், மேடையில் நின்றவரும் அழுதனர். ‘ஒப்பாரிக் கோச்சி’ என அதற்குப் பெயர் வழங்கிற்று. இராமேஸ்வரக் கப்பற் சேவை 1984இல் நிற்கும்வரை அப்பயணம் தொடர்ந்தது. பாட்டன்மார் நடந்து ஏறிய மலையிலிருந்து, பேரன்மார் யன்னலோர இருக்கையிற் கீழிறங்கினர். அந்த யன்னலுக்கு வெளியே இருந்ததும் இதே அருவிகள்தாம்.

கடந்த ஆண்டு, நீண்ட விடுமுறையொன்றில், எம் வகுப்பு மாணவர் சிலர் ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றோம். புறப்படுமுன் நாவலப்பிட்டிக்கு மேலேயுள்ள தோட்டத்தில் வாழும் என் அப்பாயியிடம் விடைபெறச் சென்றேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்துக் கூடை சுமந்தவர் அவர். நுழைவுக் கட்டணம் உண்டென்று கேட்டதும், “மலையப் பாக்கவா காசு குடுக்குறீங்க?” என்று வினவி நெடுநேரம் சிரித்தார். சமவெளியில் ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நடந்தோம். உலக முடிவில் மூடுபனியன்றி வேறொன்றும் காணக் கிடைக்கவில்லை. ஆயின் வழியிலிருந்த பெயர்ப்பலகைகள் என் மனத்தை உறுத்தின. ஹோர்ட்டன், பேக்கர், பார் எனத் துரைமாரின் பெயர்களே எங்கும். இதற்கு மாறாக, சிவனொளிபாதமலையின் அடிவாரத்துக்கு நல்லதண்ணி என்று பெயர். ஏறுமுன் அங்கே தாகந்தீர்த்துக்கொண்ட யாரோ இட்ட பெயராதல் கூடும்.

திரும்பி வந்ததும் அப்பாயியிடம், அவருடைய மலையிலுள்ள இடங்களின் பெயர்களைக் கூறுமாறு கேட்டுக் குறித்துக்கொண்டேன். பழைய ஸ்டோர், கோப்பிக் காடு, சாமி மலை, இரட்டைப் பாலம், கங்காணி ஊற்று, சுமைதாங்கி முடக்கு என ஆறு பெயர்கள் சொன்னார். கோப்பிக் காலத்தில் மூட்டையை இறக்கி வைத்து மூச்சுவாங்கிய வளைவு என்று, தம் தகப்பனார் சொல்லக் கேட்டாராம் கடைசிப் பெயரைப் பற்றி. நில அளவைப் படத்தைக் கொண்டு சென்று ஒப்பிட்டேன். இரட்டைப் பாலம் மட்டுமே, பெயரின்றி ஒரு கோடாக, அதில் இருந்தது. பழைய ஸ்டோரும் கோப்பிக் காடும் எவையென்று லயத்திலிருந்த பெரியவரொருவர் காட்டித் தந்தார். ஏனைய மூன்றையும் காட்டவல்லவர் அப்பாயி ஒருவரே. அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. தேர்வு முடிந்ததும் அவரை நாற்காலியில் வைத்து நால்வராகச் சுமந்துகொண்டு அம்முடக்குவரை ஏறிப் பார்ப்பதென்று நண்பர்களுடன் பேசியிருக்கின்றேன்.