ஈடும் மீட்பும்

கடனைக் கெடு தவறிச் செலுத்துகிறவன் தண்டம் கொடுப்பது உலக வழக்கம். ஆனால், கெடுவுக்கு முன்பே முதலையும் அன்றுவரை சேர்ந்த வட்டியையும் எடுத்துக்கொண்டு வருகிறவனிடம், "நீ விரைந்து வந்துவிட்டாய், ஆகவே தண்டம் கொடு" என்று கேட்பது நியாயமாகுமா? வீட்டை ஈடு வைத்துக் கடன் பெற்ற நம் நாட்டவர் பலர் இக்கேள்வியைக் கேட்டனர். இதற்கு விடை காணும் முயற்சிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. சட்ட வரலாற்றில் ஈடுபாடு கொண்டவன் என்ற முறையில், அதனை மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சுருங்கச் சொல்ல விரும்புகிறேன்.

நிலத்தைக் கடன் கொடுத்தவன் கையில் விட்டு, அதன் விளைவை வட்டிக்காக எடுத்துக்கொள்ளச் செய்வதை ஒற்றி என்றும் போக்கியம் என்றும் நம்மவர் சொல்வர். குறித்த காலத்துக்குள் பணம் திரும்பாவிட்டால் கிரயமே உறுதிப்படும் என்று எழுதிக்கொடுப்பது அவதிக் கிரயம். பெயர்கள் வேறாயினும், இவை எல்லாவற்றுக்கும் உயிரான சொல் ஒன்றுதான், அது மீட்பு. விற்றவன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஈடு வைத்தவனோ, அப்பொருள் தன் கைக்கு மீண்டும் வரும் என்ற நம்பிக்கையிலேயே வாழ்கிறான்.

இந்த நம்பிக்கைக்குச் சட்டம் எளிதில் இடங்கொடுக்கவில்லை. பழைய இங்கிலாந்தில், குறித்த நாளில் பணம் செலுத்தத் தவறினால் நிலம் கடன் கொடுத்தவனுக்கே முற்றிலும் சொந்தமாகிவிடும். ஒரு நாள் தாமதமும் மன்னிக்கப்பட மாட்டாது. 'மார்ட்கேஜ்' என்ற சொல்லுக்கே 'செத்த ஈடு' என்பது பொருள். பணம் கட்டாவிட்டால் நிலம் கடனாளியைப் பொறுத்தவரை செத்தது. கட்டிவிட்டாலோ, ஈடு கடன் கொடுத்தவனைப் பொறுத்தவரை செத்தது என்று 15ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் லிட்டில்டன் அதற்கு விளக்கம் தந்தார்.

இந்தக் கடுமையைத் தணித்தது சான்சரி நீதிமன்றம். நிலத்தின் மதிப்பு பெரிது, கடன் சிறிது. கடன் கொடுத்தவனுக்கு வேண்டுவது அவன் பணமும் வட்டியுமே. ஆகவே நாள் கடந்து வந்தாலும் கடனாளி நிலத்தை மீட்கலாம் என்று அந்நீதிமன்றம் 17ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டியது. ஒருமுறை ஈடு என்றால் என்றைக்கும் ஈடே. அதனைத் தந்திரமான நிபந்தனைகளால் கிரயமாக மாற்ற இயலாது என்பது அதன் கொள்கை. மீட்புரிமையின் காலில் எந்த விலங்கையும் பூட்டலாகாது என்றனர் நீதிபதிகள். "கடனாளி தானே மனமொப்பிக் கையெழுத்திட்டிருக்கிறானே!" என்று கேட்பவர்க்கு, 1762ஆம் ஆண்டில் ஹென்லி பிரபு ஒரு வழக்கில் மறுமொழி சொன்னார். முட்டுப்பாட்டில் தவிப்பவனை முழுச் சுதந்திரம் உள்ளவன் என்று சொல்ல முடியாது. அப்போதைய தேவைக்காக அவன் எந்த நிபந்தனைக்கும் இணங்கிவிடுவான் என்பதே அதன் கருத்து.

நம் நாட்டிலும் இதே போராட்டம் நடந்தது. வங்காளத்தில், 1806ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் நிபந்தனைக் கிரயம் எழுதிக்கொடுத்தவர்க்கு, அறிவிப்புக்குப் பின் ஓராண்டு மீட்புக் காலம் தந்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் இல்லை. எனினும் இங்கிருந்த சதர் நீதிமன்றம் 1858 முதல் சமநீதிக் கொள்கையைப் பின்பற்றி, கெடு கடந்த அவதிக் கிரயங்களையும் மீட்க இடமளித்தது. 1870ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் அதனை ஏற்கவில்லை. ஒப்பந்தம் எழுதியபடியே நிற்கும், கெடு கடந்தால் நிலம் போனது போனதுதான் என்றது. பின்னர் வந்த 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே இக்குழப்பத்தைத் தீர்த்தது. நிபந்தனைக் கிரயமும் ஈட்டில் ஒரு வகையே என வகுத்து, அச்சட்டத்தின் 60ஆம் பிரிவு மீட்புரிமையை எழுத்தில் நிலைபெறச் செய்தது.

ஆனால், ஒன்றை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். பணம் செலுத்தவேண்டிய காலம் வந்த பிறகே 60ஆம் பிரிவின் உரிமை பிறக்கிறது. அதற்கு முன்னர் வருகிறவனைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. காலந்தாழ்ந்து வருகிறவனுக்காக நீதிபதிகள் இருநூறு ஆண்டுகள் இரங்கினார்கள். காலத்துக்கு முன்னே வருகிறவனை எவரும் எண்ணவில்லை! அவன் கடன் கொடுத்தவனின் தயவையே நாடவேண்டியிருந்தது. அந்தத் தயவுக்கு ஒரு விலையும் வைக்கப்பட்டது.

முன்னே வந்தவனின் வழக்கு இங்கிலாந்தில் ஒருமுறை பெரிய அளவில் எழுந்தது. லண்டன் நகரத்து நைட்ஸ்பிரிட்ஜ் பகுதியில் கட்டடங்கள் பல வைத்திருந்த ஒரு நிறுவனம், 1931ஆம் ஆண்டில் 3,10,000 பவுன் ஈட்டுக் கடன் பெற்றது. 40 ஆண்டுகளில் 80 அரையாண்டுத் தவணைகளாகச் செலுத்துவது ஒப்பந்தம். சில ஆண்டுகளிலேயே நாட்டில் வட்டி குறைந்துவிட, அந்நிறுவனம் கடனை முன்கூட்டியே அடைத்துவிட விரும்பியது. 40 ஆண்டுகள் கட்டிப்போடுவது மீட்புரிமைக்குப் பூட்டிய விலங்கே என்று முதல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. இரு தரப்பாரும் வாணிகம் அறிந்தவர். சமநிலையில் நின்று பேரம் பேசியவர். கொடுமையோ மோசடியோ இல்லாதபோது ஒப்பந்தம் நியாயமானதா என்று அளந்து பார்ப்பது நீதிமன்றத்தின் வேலையன்று என்றது. பிரபுக்கள் சபையும் வேறொரு காரணத்தைக் கூறி, 1940இல் அம்முடிவை உறுதிசெய்தது.

கடன் கொடுத்தவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. 20 ஆண்டுகளுக்கு மாறாத வட்டி என்று ஒப்புக்கொண்டு அவர் பணத்தைக் கொடுக்கிறார். பிறரிடம் வைப்பாகப் பெற்ற பணத்துக்கு அவரும் வட்டி கொடுக்கவேண்டும். நாட்டில் வட்டி ஏறினால் கடனாளி அசையமாட்டான். இறங்கினால் மட்டும் ஓடிவந்து கடனைத் தீர்ப்பான். நட்டம் எப்போதும் ஒரு பக்கமே விழுமானால், அதற்கு ஒரு கட்டணம் கேட்பது தவறா? மாறாத வட்டிக்கு இவ்வாதம் பொருந்தும்.

ஆனால், வட்டி மாறிக்கொண்டே செல்லும் கடனில் நிலைமை வேறு. அங்கே வட்டி ஏறினால் கடனாளியின் சுமை ஏறுகிறது. ஏற்ற இறக்கத்தின் அபாயத்தை அவன் முன்னரே தோளில் சுமந்துவிட்டான். அவ்வாறிருக்க, அதே அபாயத்துக்காக அவனிடம் மீண்டும் தண்டம் பெறுவது எவ்வாறு பொருந்தும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மீதிக் கடன் 10 இலட்சம் ரூபாய். கட்டணம் நூற்றுக்கு 2 என்றால், தன் வீட்டைத் தானே மீட்க 20,000 ரூபாய் வேண்டும். வேறொரு வங்கியில் குறைந்த வட்டி கிடைத்தாலும், இத்தொகையை எண்ணியே பலர் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவர்.

இவ்வழக்கு 2009ஆம் ஆண்டில் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் சென்றது. வீட்டுக் கடன் தரும் வங்கிகளும் நிறுவனங்களும் இக்கட்டணத்தால் போட்டியைத் தடுக்கின்றன என்பது முறையீடு. 2010 டிசம்பரில் ஆணையத்தின் பெரும்பான்மையினர், போட்டிச் சட்டம் மீறப்படவில்லை என்று முடிவு செய்தனர். மாறுபட்ட கருத்தும் அங்கே எழுதப்பட்டது. முறையீட்டாளர் தோற்றார், ஆயின் கேள்வி தோற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரிலேயே தேசிய வீட்டு வசதி வங்கி, சொந்தப் பணத்தைக் கொண்டு கடனை அடைப்போரிடம் வீட்டுக் கடன் நிறுவனங்கள் இக்கட்டணத்தைப் பெறலாகாது என்று கட்டளையிட்டிருந்தது. வங்கிகளின் வாடிக்கையாளர் சேவையை ஆராய்ந்த தாமோதரன் குழு, 2011இல் இதனைக் கண்டித்தது. 2012 ஜூன் மாதத்தில் ரிசர்வ் வங்கி, தனி மனிதர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு இக்கட்டணத்தை வங்கிகள் வாங்குவதைத் தடுத்தது. 2014இல் இவ்விதி தனி மனிதர் பெறும் மாறும் வட்டித் தவணைக் கடன்கள் பிறவற்றுக்கும் விரிந்தது. 2025 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளால், 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் கடன்களில் சிறு தொழிலாளர்க்கும் பெருமளவில் இப்பாதுகாப்பு கிட்டியது. அடைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் அத்தகைய கடன்களில் எழாது.

மாறாத வட்டிக் கடனில் இக்கட்டணத்துக்கு இன்னும் இடமுண்டு. ஆதலால், நாளை நீங்கள் ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்திட நேரும்போது, வட்டி எவ்வளவு என்று மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். வட்டி மாறுவதா, மாறாததா, முன்கூட்டி அடைத்தால் என்ன கேட்பார்கள் என்பதையும் படித்துப் பாருங்கள்.

நைட்ஸ்பிரிட்ஜ் நிறுவனம் வாணிகம் அறிந்தது. தனக்கென வழக்கறிஞர்களை அமர்த்திக்கொள்ள வல்லது. மாதச் சம்பளத்தில் வீடு கட்டுகிறவன், அச்சிட்ட பத்திரத்தில் ஓரெழுத்தையும் மாற்ற இயலாதவன். இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பதே ஹென்லி பிரபு 1762இல் சொன்னதன் சாரம். கெடு கடந்து வந்தவனுக்கு அன்று கிடைத்த நியாயம், கெடுவுக்கு முன்னே வந்தவனுக்குக் கிடைக்க 250 ஆண்டுகள் ஆயின.